"ரேஸ் ஆவுது, இழுக்க மாட்டேங்கு": கிளட்ச் ஸ்லிப்பைக் கண்டுபிடிக்கும் வழி

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் கியர் பைக்கின் கிளட்ச் கோளாறோடு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "அண்ணே, வண்டி ரேஸ் ஆவுது, இழுக்க மாட்டேங்கு." கேட்டவுடனே "பிளேட் போச்சு, மாத்திருவோம்" என்று பதில் வரும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பிளேட் தேயாமலேயே ஸ்லிப் ஆகிற, அதாவது இன்ஜின் சுற்றியும் இழுவை முழுசாகப் போகாமல் கிளட்ச் நழுவுகிற வண்டிகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கேபிளில் ஏறிய உப்புத்துரு, தவறான ஆயில், பிளே (லீவர் சும்மா அசையும் இடைவெளி) இல்லாமல் இறுக்கிவைத்த அட்ஜஸ்ட்மென்ட் என்று காரணம் வெளியிலேயே இருக்கும். இவற்றை இன்ஜினைத் திறக்காமல் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பார்க்காமல் புது பிளேட் போட்டால், பழைய பிளேட்டைத் தின்ற அதே காரணம் புதுசையும் தின்னும்.

கியர் வண்டிகளில் இருப்பது ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும் பல தட்டு கிளட்ச். கார்க் அல்லது காகித வகை உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். உராய்வு பிளேட்டின் காதுகள் வெளிக்கூடான ஹவுசிங்கில் மாட்டியிருக்கும். இன்ஜின் சுற்றுவது அதைத்தான். ஸ்டீல் பிளேட்டின் பற்கள் நடுவிலுள்ள ஹப்பில் மாட்டியிருக்கும். ஹப் சுற்றினால்தான் கியர்பாக்ஸுக்கு இழுவை போகும். இந்த அடுக்கை இறுக்கி ஒன்றாக்குவது நான்கோ ஐந்தோ ஆறோ ஸ்பிரிங்குகள். லீவரைப் பிடித்தால் அந்த அழுத்தம் விலகும், விட்டால் திரும்பும். ஆகவே ஸ்லிப் என்றால் மூன்றில் ஒன்று: அழுத்தம் முழுசாகத் திரும்பவில்லை, உராய்வு குறைந்துவிட்டது, அல்லது அடுக்கின் தடிமன் குறைந்துவிட்டது. முதலாவதைக் கேபிளில் தேட வேண்டும், இரண்டாவதை ஆயிலில். மூன்றாவதுக்குத்தான் கவரைத் திறக்க வேண்டும்.

ஸ்லிப் முதலில் தலைகாட்டுவது டாப் கியரில். முதல் கியரில் வண்டி லேசாக முன்னே ஓடிவிடுவதால் கிளட்ச் மேல் முழுப் பாரம் நிற்பது சில நொடிகள்தான். டாப் கியரில் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கி மேடேறும்போது இன்ஜினின் முழு இழுவையும் பிளேட் மேல் நீண்ட நேரம் நிற்கும். அதனால்தான் வடசேரிக்கும் கோட்டாறுக்கும் இடையே ஓடும்போது தெரியாத கோளாறு, குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏறும்போது தெரியும். குளச்சலில் ஐஸும் மீனும் ஏற்றிய பெட்டியோடு கிளம்புகிற வண்டியிலும், ஏத்தன் வாழைக்குலை கட்டிய வண்டியிலும், ரப்பர் ஷீட் சுமக்கிற வண்டியிலும் மற்றவர்களுக்கு முன்னாலேயே தெரியும். தனியாளாக ஓட்டிப் பார்த்த மெக்கானிக் "ஒண்ணும் இல்லியே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பாரம் இல்லாமல் ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இது கிளட்ச்தானா?

வண்டி இழுக்கவில்லை என்ற புகாரில் பாதி விஷயம் காதில் இருக்கிறது. ஆக்சிலேட்டர் முறுக்கியும் இன்ஜின் சத்தமே ஏறவில்லை, அடைத்துக்கொண்டு முனகுகிறது என்றால் அது கிளட்ச் இல்லை. ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால்தான் கிளட்ச். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். நியூட்ரலில் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

சத்தம் ஏறி, கூடவே "கடக் கடக்" என்று வெட்டி வெட்டிப் போனால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும். பல் கூர்மையாகி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்க நடுவில் விரலால் பின்னோக்கி இழுத்தால் பல்லின் பாதி உயரத்துக்கு விலகக் கூடாது. முன் ஸ்ப்ராக்கெட்டின் உள்பள்ளங்கள் மழுங்கினாலும் இன்ஜின் சுற்றும், சக்கரம் சுற்றாது. இது அபூர்வம், ஆனால் வந்தால் வண்டி ஒரேயடியாக நின்றுவிடும். கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறிப்பது இன்னொன்று. அதில் "டொக்" என்ற ஒரு அடி கேட்கும், அப்புறம் இன்ஜின் அலறும். கிளட்ச் ஸ்லிப் அப்படி அடிக்காது, வழுவழுவென்று நழுவும்.

புது வண்டிகளில் 'ஸ்லிப்பர் கிளட்ச்' என்று விளம்பரம் வருகிறது. வேகத்தில் கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, சக்கரப் பக்கத்திலிருந்து வரும் எதிர் இழுவையில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது அது. முன்னோக்கி முறுக்கும்போது நழுவினால் அந்த வண்டியிலும் கோளாறுதான். ஸ்கூட்டர்களில் பெல்ட்டும் மையவிலக்கு கிளட்சும் இருப்பதால் அவற்றின் கதையே வேறு; இங்கே சொல்வது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

ஓட்டிப் பார்க்கும் விதம்

இன்ஜின் சூடாக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகே சோதனை. நேரான, ஆள் நடமாட்டம் குறைந்த சாலை தேவை. 100 சிசி வண்டியென்றால் டாப் கியரில் 40-ல் போங்கள், 150 சிசி என்றால் 50-ல். அங்கிருந்து ஆக்சிலேட்டரை ஒரே முறுக்காக முழுசும் திருப்புங்கள். நல்ல கிளட்ச்சில் சத்தமும் வேகமும் கைகோத்து மெதுவாக ஏறும். ஸ்லிப் ஆனால் சத்தம் முதலில் குதிக்கும், வேகம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் மட்டும் சட்டென்று இறங்கி, அதே வேகத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டியில் இதை எண்ணாலேயே பிடிக்கலாம். ஒரே கியரில் ஒரு வேகத்துக்கு ஒரே ஆர்பிஎம்தான் வரும். மேடோ இறக்கமோ, ஓட்டுபவர் ஒருவரோ இருவரோ, அது மாறாது. கிளட்ச் நன்றாக இருக்கும்போதே டாப் கியரில் 50-க்கு எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகம் வந்தால், மேட்டில் முழு முறுக்கில் அதே 50-ல் பாருங்கள். முள் சில நூறு கூடுதலாகக் காட்டினால் வேறு சாட்சி தேவையில்லை.

மேடு கிடைக்காதவர்களுக்குக் காற்று இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி வருகிற வண்டியை நேர் எதிரே தள்ளும். முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே டாப் கியரில் முழு முறுக்கில் வந்தால், ஆரம்பநிலை ஸ்லிப்கூட மறைந்திருக்க முடியாது. அதே சாலையில் திரும்பிப் போகும்போது காற்று முதுகில் அடிப்பதால் வண்டி அருமையாக ஓடும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் அடிக்கும் வீச்சும் உண்டு. லாரி, பஸ் பக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

நின்ற இடத்தில் செய்யும் சோதனையும் ஒன்று இருக்கிறது. வண்டி தரையில் நிற்க வேண்டும், முன்னால் யாரும் நிற்கக் கூடாது. லீவரைப் பிடித்து டாப் கியரில் போட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, ஐடிலைவிடக் கொஞ்சம் முறுக்கி, லீவரை நிதானமாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் நன்றாகவே போய்விட்டது. இரண்டு நொடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள். அந்தச் சூடு மிச்சமிருக்கும் பிளேட்டையும் கருக்கிவிடும். இந்தச் சோதனையில் தேறிய வண்டி மேட்டில் ஸ்லிப் ஆகலாம் என்பதால் இதைவிட ஓட்டிப் பார்ப்பதே நம்பகமானது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கிக்கரே சொல்லிவிடும். அதில் கிக்கின் விசை கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கம்ப்ரஷனில் நிற்க வேண்டிய கிக்கர் இன்ஜினைச் சுற்றாமல் வழுக்கிக் கீழே போனால் ஸ்லிப்.

கேபிள்

லீவரின் முனையில் பிளே எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள். பெரும்பாலான 100–150 சிசி வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ. வரை லீவர் முனை சும்மா அசைய வேண்டும், அதற்கப்புறம்தான் ஸ்பிரிங்கின் கனம் கையில் தெரிய வேண்டும். பிளே இல்லையென்றால் நீங்கள் லீவரைத் தொடாமலேயே கிளட்ச் கொஞ்சம் பிடித்த நிலையில் இருக்கிறது. காலையில் துளி பிளே இருந்து, இன்ஜின் சூடானதும் அது காணாமல் போகிற வண்டிகளும் உண்டு. அதனால் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, சூட்டில் ஒரு முறை பாருங்கள். பிறகு ஹேண்டிலை முழுசாக இடப்பக்கம், முழுசாக வலப்பக்கம் திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது பிளே குறைந்தால் கேபிள் போகிற பாதை தவறு. ஹெட்லைட் பக்கம் வேறு ஒயரோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், அல்லது பிரேமுக்கும் டேங்குக்கும் நடுவே நசுங்கியிருக்கும்.

இந்தப் பிளே நாளாவட்டத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. கேபிள் நீண்டால் பிளே கூடும். பிளேட் தேய்ந்தால் அடுக்கு மெலிந்து பிளே குறையும். அட்ஜஸ்டரை அடிக்கடி தளர்த்திவிட வேண்டியிருக்கிறது என்றால் உள்ளே பிளேட் தேய்ந்துகொண்டிருக்கிறது. இறுக்க வேண்டியிருக்கிறது என்றால் கேபிளின் ஆயுள் முடிகிறது. லீவர் பக்க முனையில் உருண்டைக்குப் பக்கத்தில் நூல் ஒன்றிரண்டு அறுந்து முள்ளாக நிற்கும்.

கடற்கரை ஊர்களில் தனிக் கதை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் நிற்கிற வண்டிகளின் கேபிள் வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே கம்பி பழுப்பேறியிருக்கும். உப்புக்காற்றோடு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. லீவர் பக்கத்து ரப்பர் பூட் கிழிந்திருந்தால் தண்ணீர் நேரே உறைக்குள் இறங்கும். துரு பிடித்த கேபிள் லீவரைப் பிடிக்கும்போது போய்விடும், விடும்போது முழுசாகத் திரும்பாது. கடைசி 3, 4 மி.மீ. தேங்கி நிற்கும். லீவரை விரலால் முன்னே தள்ளிப் பாருங்கள். தள்ளினால் இன்னும் கொஞ்சம் போகிறதென்றால் ஸ்லிப்புக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது.

உறுதிப்படுத்த, இன்ஜின் பக்கம் கேபிளைக் கழற்றுங்கள். கம்பியை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தால் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓட வேண்டும். மணல் தேய்வது போன்ற உணர்வு கையில் வந்தால் ஆயில் விட்டுப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள். கொஞ்ச நாள் ஓடும், மழையில் மறுபடி பிடிக்கும். புதுசு போடுங்கள். கேபிளைக் கழற்றிய அதே நேரத்தில் இன்ஜின் மேல் இருக்கும் ரிலீஸ் ஆர்மை (கேபிள் இழுக்கும் சின்னக் கை) கையால் அசைத்துப் பாருங்கள். சின்னதாக ஒரு தளர்ச்சி, அப்புறம் கெட்டியான எதிர்ப்பு, விட்டதும் டக்கென்று திரும்புதல், இப்படி இருக்க வேண்டும். ஆர்ம் நுழையும் தண்டில் வெள்ளைப் பொடியாகப் பூத்த அரிப்பும் துருவும் ஏறி மந்தமாகத் திரும்பினால், கேபிள் புதுசானாலும் ஸ்லிப் நிற்காது. தண்டை உருவி, நைசான எமரியில் தேய்த்து, சீல் மாற்றி, கிரீஸ் வைத்து மாட்ட வேண்டும்.

அட்ஜஸ்ட் செய்யும்போது லீவர் பக்க அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகி இரண்டு மூன்று சுற்று மட்டும் வெளியே விட்டுவிட்டு, பெரிய மாற்றத்தை இன்ஜின் பக்கத்து நட்டில் செய்யுங்கள். மேல் அட்ஜஸ்டர் வழியில் அவசரத்துக்கு வேண்டியது. அதிலும் ஒரு சின்ன விஷயம்: கேபிளை நுழைக்க அட்ஜஸ்டரிலும் லாக் நட்டிலும் லீவர் பிராக்கெட்டிலும் ஒரு வெட்டு இருக்கும். மூன்று வெட்டும் நேர்கோட்டில் மேலே பார்த்து நின்றால் மழை நேரே உள்ளே போகும், கேபிளும் நழுவும். வெட்டுகளை வேறு வேறு திசைக்குத் திருப்பிவிட்டு லாக் நட்டை இறுக்குங்கள்.

பழைய புல்லட்டில் கியர்பாக்ஸ் கவரில் சின்ன மூடிக்குள், கிளட்ச்சைத் தள்ளி விலக்கும் தண்டான புஷ் ராடுக்குத் தனி அட்ஜஸ்டர் உண்டு. அங்கே துளி இடைவெளி இல்லாவிட்டால் கேபிளை எவ்வளவு தளர்த்தினாலும் பயனில்லை.

இவ்வளவும் பார்த்தபின் ஒரு முடிவான சோதனை: பிளேயை வேண்டுமென்றே 25–30 மி.மீ. வரை தளர்த்திவிட்டு அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். கியர் போடக் கொஞ்சம் முரண்டும், பரவாயில்லை. ஸ்லிப் நின்றுவிட்டால் பிரச்சினை வெளியில். நிற்காவிட்டால் ஆயில் அல்லது உள்ளே.

ஆயில்

ஆயில் மாற்றிய மறுநாளிலிருந்து ஸ்லிப் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். கியர் பைக்கின் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே குளிக்கிறது. கார்களுக்கான பல ஆயில்களில் எரிபொருள் மிச்சத்துக்காக வழுவழுப்பைக் கூட்டும் பொருள்கள் சேர்க்கிறார்கள். காருக்கு நல்லது, நம் கிளட்ச்சுக்கு அதுவே விஷம். இதற்காகத்தான் ஜப்பானில் 1998-ல் ஜாசோ டி 903 என்ற தரம் வந்தது. டப்பாவின் பின்பக்கம் சின்னக் கட்டத்துக்குள் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2, எம்பி என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். நனைந்த கிளட்ச் உள்ள பைக்குக்கு எம்ஏ குடும்பம். அதில் எம்ஏ2-வுக்கு உராய்வு அதிகம். எம்பி ஸ்கூட்டருக்கு.

நம் வீடுகளில் நடப்பது இதுதான். வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு பைக்கும் இருக்கும். ஸ்கூட்டருக்கு வாங்கிய டப்பாவில் மிச்சம் இருக்கும். 10டபிள்யூ-30 என்று இரண்டிலும் ஒரே எண் போட்டிருப்பதால் பைக்குக்கும் ஊற்றிவிடுவார்கள். அந்த எண் ஆயிலின் தடிமனை மட்டுமே சொல்கிறது, கிளட்ச்சுக்குப் பொருந்துமா என்பதைச் சொல்லாது. கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். "இன்ஜின் ஸ்மூத்தாகும்" என்று சொல்லித் தனியாக விற்கும் சின்னப் பாட்டில்களையும் பைக்கில் ஊற்றாதீர்கள். அவை குறைப்பது உராய்வை.

தவறான ஆயில் போயிருந்தால் வண்டியைச் சூடாக்கி, முழுசாக வடித்து, ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றி, எம்ஏ2 ஊற்றுங்கள். 200–300 கி.மீ. மெதுவாக ஓடிய பிறகு அதையும் வடித்து மீண்டும் புதுசு. பழைய ஆயில் பட்டைக்குள் ஊறியிருப்பதால் ஒரே மாற்றலில் சரியாகாது. இரண்டாவது மாற்றலுக்குப் பிறகும் நழுவினால் பிளேட் மேல்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டது என்று பொருள்.

ஆயில் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். கருகிய காகித வாடை தெரிந்தால் பிளேட் எரிந்திருக்கிறது. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் தாழ்ந்த ரோட்டில் முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டினவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காகித வகைப் பட்டை தண்ணீரில் ஊறினால் ஒட்டிய பசை விட்டுத் துண்டு துண்டாக உரியும். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டிக் காயவைப்போம் என்று நினைக்காமல், ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயிலை வடிப்பது நல்லது.

பழைய புல்லட்டில் கிளட்ச் இருப்பது இடப்பக்கத்துப் பிரைமரி செயின் கேஸில். அதன் ஆயில் தனி, இன்ஜின் ஆயிலை மாற்றினால் அது மாறாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யூசிஇ இன்ஜின் வந்த பிறகான புல்லட்களில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்.

கவரைத் திறந்தால்

கிளட்ச் கவர் பெரும்பாலும் வலப்பக்கம். ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, போல்ட்டுகளை எடுக்கும்போது ஒரு அட்டையில் கவரின் வடிவம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்திவையுங்கள். நீளம் ஒன்றுபோல் இருக்காது. நீளமான போல்ட்டைக் குட்டை ஓட்டையில் இறுக்கிக் கேஸைப் பிளந்த வண்டிகள் நிறைய. கவரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டினால் விடும். இரண்டு டவல் பின்னும் (கவரை நேராக உட்காரவைக்கும் சின்னக் குழாய்) கிக் தண்டின் வாஷரும் எங்கே விழுகின்றன என்று கண் வையுங்கள்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒன்றை முழுசாக அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாக, மூன்று தடவையாகத் தளர்த்த வேண்டும். சில வண்டிகளில் பிரஷர் பிளேட் (அடுக்கை அழுத்தும் தட்டு) பின்பக்கம் இருக்கும். நடு நட்டையோ சர்க்ளிப்பையோ எடுத்தால்தான் பிளேட் வெளியே வரும். அதற்குத் தனி பாக்ஸ் ஸ்பேனர் உண்டு. உளியால் தட்டி அவிழ்க்கிற பழக்கம் நட்டைக் கெடுப்பதோடு உள்ளிருக்கும் பேரிங்குக்கும் கேடு. பிளேட்டுகளை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்துத் தொங்கவிடுங்கள். எல்லா உராய்வு பிளேட்டும் ஒன்றல்ல. சில வண்டிகளில் முதலாவதோ கடைசியோ வேறு அளவில் இருக்கும், கடைசி பிளேட்டின் காது ஹவுசிங்கில் பக்கத்துச் சின்னப் பள்ளத்தில் உட்காரும்.

உராய்வு பிளேட்டின் தடிமனை வெர்னியரால் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். 100–150 சிசி வண்டிகள் பலவற்றில் புதுசு 3 மி.மீ. ஒட்டி இருக்கும், 0.3, 0.4 மி.மீ. குறைந்தாலே எல்லை வந்துவிடும். உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, அதுதான் கணக்கு. "இவ்ளோ தானா தேஞ்சிருக்கு" என்று தோன்றும். ஐந்து பிளேட்டில் தலா 0.3 குறைந்தால் அடுக்கு 1.5 மி.மீ. மெலிகிறது, ஸ்பிரிங் அந்த அளவுக்கு நீண்டு அழுத்தத்தை இழக்கிறது. தடிமன் சரியாக இருந்து மேல்பரப்பு கறுத்துக் கண்ணாடிபோல் மின்னினாலும் பிளேட் தேறாது. எமரியில் தேய்த்துப் போட்டால் சில வாரம் பிடிக்கும். விற்கப் போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது.

ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடித் துண்டு மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். பல கம்பெனிகளின் எல்லை 0.2 மி.மீ. அதற்கு மேல் நுழைந்தால் வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. அளவு சரியாக இருந்தாலும் நான் மாற்றச் சொல்வேன். புது உராய்வு பிளேட்டை வளைந்த ஸ்டீல் பிளேட்டோடு சேர்த்துப் போடுவதுதான் "மாத்தி மூணு மாசத்துல மறுபடி போச்சு" என்கிற புகாரின் பெரிய காரணம்.

ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்து பாருங்கள். மேனுவல் எல்லைக்குக் கீழே ஒன்று போனாலும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தைக் கூட்டும் வித்தை எங்கும் நடக்கிறது. லீவர் கல்லாகும், கேபிள் சீக்கிரம் அறும், ரிலீஸ் பேரிங் தேயும்; பிளேட் தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கும். வழியில் வீடு வந்து சேர்வதற்கு என்றால் மன்னிக்கலாம்.

ஹவுசிங்கின் விரல்களில் பிளேட் காதுகள் வெட்டிய பள்ளம் இருக்கும். நகம் லேசாகத் தட்டுகிற அளவென்றால் நைஸ் அரத்தால் சமப்படுத்தலாம். நகம் மாட்டி நிற்கிற ஆழமென்றால் ஹவுசிங்கை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பிளேட்டுகள் அதில் சிக்கி முழுசாக நெருங்கவும் மாட்டா, விலகவும் மாட்டா.

ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜின்களில் அதே கவருக்குள் கிராங்க் முனையில் சுழலும் ஆயில் ஃபில்டர் கிண்ணம் இருக்கிறது, அடியில் சல்லடை ஒன்றும் உண்டு. பிளேட்டிலிருந்து உதிர்ந்த கறுப்புப் பொடி இரண்டிலும்தான் போய்ச் சேரும். திறந்த கையோடு வழித்துக் கழுவாவிட்டால் புது பிளேட் போட்ட வேலை அரைகுறை.

மாட்டும்போது

புது உராய்வு பிளேட்டுகளை வண்டிக்கு ஊற்றப் போகிற அதே ஆயிலில் ஊறப்போடுங்கள். இரவு முழுக்க என்றால் நல்லது, குறைந்தது அரை மணி நேரம். காய்ந்த பிளேட் முதல் சில நிமிடத்திலேயே கருகும். ஸ்பிரிங் போல்ட்டுகள் பொதுவாக 6 மி.மீ. தண்டு, 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்பேனரில் தொங்கினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். இறுக்குவதும் எதிரெதிராகத்தான். பழைய கேஸ்கட்டைப் பிளேடால் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அந்த வழியே ஆயில் கசியும். கவரை மூடும் முன் லீவரைப் பிடித்து, பிரஷர் பிளேட் சாயாமல் நேராக விலகுகிறதா என்று பார்க்க முடிகிற வண்டிகளில் பார்த்துவிடுங்கள்.

முதல் 200–300 கி.மீ. வரை இழுத்து ஓட்டாதீர்கள். பிளேட்டுகள் ஒன்றோடொன்று படிந்ததும் பிளே கொஞ்சம் மாறும். அப்போது மறுபடி அளந்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால் பிளே பூஜ்ஜியமாகி, புது பிளேட் நழுவத் தொடங்கிய வண்டிகளும் வருகின்றன.

பிளேட்டை எரிப்பது பெரும்பாலும் ஓட்டுகிற விதம். மார்த்தாண்டம் சந்தை நேரத்து நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்வதைவிட, இரண்டடி இடைவெளி விட்டுக் காத்திருந்து ஒரேயடியாக நகர்வது மேல். மேட்டில் நிற்கும்போது வண்டியைப் பிரேக் தாங்க வேண்டும், கிளட்ச் அல்ல. பாரத்தோடு இரண்டாவது கியரில் கிளப்பாதீர்கள். ஓடும்போது விரல் லீவர் மேல் இருக்கக் கூடாது; அந்த லேசான கனமே பிளேயைத் தின்றுவிடும்.

கீரிப்பாறையிலோ கோதையாறு வழியிலோ ஸ்லிப் ஆகி மாட்டிக்கொண்டால், மேல் அட்ஜஸ்டரை உள்ளே திருகிப் பிளேயைக் கூட்டுங்கள். கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு ஒரு கியர் குறைத்து, ஆக்சிலேட்டரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறுக்காமல், இன்ஜின் சத்தம் குதிக்காத அளவிலேயே வாருங்கள். பின்னால் இருப்பவரை மேட்டில் இறக்கிவிடுங்கள். வடித்த ஆயிலைச் சானலிலோ குளத்திலோ ஊற்றாமல் டப்பாவில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பழைய ஆயில் எடுப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.